வெட்டினாலும் விடாத தைலமரம்: உங்களுக்குத் தெரியுமா?

தைலமர நாற்று ஒன்று கையில் கிடைத்தால், நடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். பையைக் கிழித்து, மண்ணை உதறி, தண்டின் அடிப்பகுதியை வெயிலில் திருப்பிப் பாருங்கள். வித்திலைகள் இருந்த கணுவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு புடைப்புகள் தென்படலாம். இளம் நாற்றென்றால் குண்டூசித் தலை அளவு. சில மாதம் வளர்ந்ததென்றால் மிளகு அளவு. நகத்தால் அழுத்தினால் அமுங்காது, கட்டையாக இருக்கும்.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு வேர்முடிச்சு நூற்புழுதான் ஞாபகம் வந்தது. நோய் பிடித்த நாற்றைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபத்தோடு ஒரு தட்டு நாற்றையும் தூக்கிக்கொண்டு நர்சரிக்கே திரும்பிப் போனேன். அங்கே நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது சீக்கு இல்ல சார். தைலக்கன்னுக்குக் கூடப் பொறந்தது. அது இருக்கறதுனாலதான் நீங்க வெட்ட வெட்ட அது வரும்.”

அந்த அம்மா ஒரே வரியில் சொன்னதைத் தாவரவியலாளர்கள் சொல்லி முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

‘கட்டி’ என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்

1918இல் ஜே. ஜே. ஃபிளெச்சர், சி. டி. மஸ்ஸன் என்ற இருவர் நியூ சவுத் வேல்ஸ் லின்னேயன் சங்கத்தின் இதழில் இந்தப் புடைப்புகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே ‘தளிர் விடும் கட்டிகள்’ என்ற பொருள்பட, டியூமர் என்ற சொல்லைத்தான் போட்டார்கள். ஏழாண்டு கழித்து, 1925இல், எல். ஆர். கெர் இதை நாற்றுப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். இது நோயல்ல, செடியின் இயல்பான உறுப்பு என்ற கருத்து அதன்பின் நிலைபெற்றது. லிக்னோட்யூபர் என்பது அதன் பெயர். லிக்னம் என்றால் கட்டை, ட்யூபர் என்றால் கிழங்கு. தமிழில் ‘கட்டைக்கிழங்கு’ என்றே சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை முடியும்வரை நான் அப்படித்தான் சொல்லப்போகிறேன். யாரும் வேக வைத்துத் தின்ன முயல வேண்டாம்.

இடம் மாறாது

கட்டைக்கிழங்கு தண்டில் கண்ட இடத்தில் முளைப்பதில்லை. முதலில் வித்திலை ஜோடியின் கக்கத்தில் தோன்றும். அடுத்தது அதற்கு மேலே உள்ள முதல் ஓரிரு ஜோடி இலைகளின் கக்கத்தில். தைலமர நாற்றின் இலைகள் ஒரு ஜோடி கிழக்கு மேற்காக, அடுத்த ஜோடி தெற்கு வடக்காக என்று மாறி மாறி அமைகின்றன. அதனால் புடைப்புகளும் அப்படியே, நாலு திசையிலும் தண்டைச் சுற்றி நிற்கும். பிறகு ஒவ்வொன்றும் பருத்து, பக்கத்துப் புடைப்போடு ஒட்டி, தண்டுக்கு ஒரு கழுத்துப்பட்டை போட்டதுபோல வளையமாகிவிடும். அத்தோடு நிற்பதில்லை. கீழ்நோக்கி வழிந்து, வேரின் தலைப்பகுதியையும் மூடிக்கொண்டு, மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். உருகும் மெழுகுவத்தியின் அடியில் மெழுகு இறங்கி உறைவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த வடிவம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாற்றை யாரும் வெட்டவில்லை, ஆடு கடிக்கவில்லை, தீ தொடவில்லை. நிழல்வலைக்கு அடியில் வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த செல்லப்பிள்ளைக்கும் இது வரும். காயம் பட்ட பிறகு உருவாகும் தழும்பு என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தழும்பல்ல. பட்டு அறியும் முன்பே கட்டி முடித்த ஏற்பாடு.

உள்ளே என்னதான் இருக்கிறது?

இரண்டு சரக்கு. ஒன்று, மாவுச்சத்து. இன்னொன்று, உறங்கும் மொட்டுகளும், மொட்டாக மாறக்கூடிய திசுக்களும். ஒன்றிரண்டு அல்ல, ஏராளம். கிழங்கு பருக்கப் பருக்க மொட்டுகளும் கிளை பிரிந்து பெருகும். மேலே தண்டு நன்றாக இருக்கும்வரை இவை வாயைத் திறக்காது. நுனிமொட்டிலிருந்து இறங்கிவரும் ஆக்சின் என்ற வளரூக்கி இவற்றை அடக்கி வைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ‘நுனி ஆதிக்கம்’ என்று படித்தோமே, அதேதான். தலை போனது என்றால் அடக்கும் ஆள் போனார். சில வாரங்களில் கட்டைக்கிழங்கின் உடம்பெல்லாம் சிவப்பும் பச்சையுமாகத் தளிர் கொப்பளிக்கும். இலை இல்லாத மரம் சமைக்க முடியாது அல்லவா, அதுவரைக்கும் சாப்பாட்டுச் செலவு அந்த மாவுச்சத்துக் கையிருப்பில் நடக்கிறது.

பனையையும் தென்னையையும் பாருங்கள். குருத்து போனால் மரம் போச்சு. காண்டாமிருக வண்டுக்கு நம்மூர்த் தென்னந்தோப்புக்காரர்கள் பயப்படுவது அதனால்தான். ஒரே மொட்டை நம்பி வாழும் மரம் அது. தைலமரம் அதற்கு நேர் எதிர்க்கோடி.

மண் என்ற போர்வை

காட்டுத்தீ மேலே எவ்வளவு கொழுந்துவிட்டு எரிந்தாலும், மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் கீழே சூடு சட்டென்று குறைந்துவிடும். மண் அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி. கட்டைக்கிழங்கு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் ஒளிவதன் லாபம் இதுதான். கரிக்கட்டையாக நிற்கும் புதரின் காலடியில் மழை பெய்வதற்கு முன்பே துளிர் வருவதை ஆஸ்திரேலியர்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள்.

இன்னொரு பெட்டி, பட்டைக்குள்

2019–20 கோடையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சில வாரம் கழித்து வந்த படங்கள்தான் எனக்கு மறக்கவில்லை. கருகிய மரங்கள் அடி முதல் நுனி வரை பச்சை ரோமம் முளைத்தாற்போல நின்றன. கிளை கிடையாது. நடுமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாக இலை.

அது கட்டைக்கிழங்கின் வேலை அல்ல. பட்டைக்குள் இருக்கும் மறைமொட்டுகளின் வேலை. பல மரங்களுக்கும் பட்டையில் உறங்கும் மொட்டுகள் உண்டு, நம் வேம்புக்கும் புளிக்கும்கூட வெட்டிய இடத்தில் துளிர் வரும். ஆனால் பெரும்பாலான மரங்களில் அந்த மொட்டு பட்டையின் வெளிப்பக்கமாக இருக்கிறது. தீ பட்டால் முதலில் வேகுவது அதுதான். தைலமரத்தில் ஒழுங்கு தலைகீழ். ஒவ்வொரு பழைய இலைக்கக்கத்திலிருந்தும் மொட்டு உண்டாக்கும் செல்கள் ஒல்லியான நாடாபோலப் பட்டை முழுவதையும் ஊடுருவி, கட்டையும் பட்டையும் சந்திக்கும் கேம்பியம்வரை போகின்றன. வெளியே உள்ள பகுதி வெந்துபோனாலும் ஆழத்தில் மிஞ்சிய செல்கள் புதிதாக மொட்டு கட்டும். ஆக, முழுப் பட்டையும் அதற்குக் கவசம். ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரில் உள்ள சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் பர்ரோஸ் இதை நுண்ணோக்கியில் மெல்லிய சீவல் சீவலாகப் பார்த்து விவரித்தார்.

இந்தத் தந்திரம் எவ்வளவு பழையது? 2011இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, மரபணு வழியாகக் கணக்குப் போட்டு, சுமார் 6 கோடி ஆண்டுகள் என்றது. டைனோசர்கள் அழிந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆகியிருந்த காலம்.

காத்திருக்கும் குழந்தைகள்

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்குக் கிழக்கே உள்ள மலைத்தொடரில் ஜாரா என்ற தைலமர இனம் காடாக நிற்கிறது. உறுதியான சிவந்த மரம். அதன் நாற்று முளைத்தவுடன் மேலே ஏறத் துடிப்பதில்லை. பெரிய மரங்களின் நிழலில் முழங்கால் உயரப் புதராக 15, 20 ஆண்டுகள்கூடக் கிடக்கும். தண்டு காயும், தீயில் போகும், மீண்டும் வரும், மீண்டும் போகும். பார்ப்பவர்களுக்குத் தேறாத பிள்ளை. ஆனால் ஒவ்வொரு முறையும் கீழே கட்டைக்கிழங்கு பருத்துக்கொண்டே இருக்கிறது. கிழங்கு போதிய பருமன் அடைந்து, மேலே ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சமும் கிடைத்தால், புதரிலிருந்து ஒரே ஒரு தண்டு மட்டும் வேகமெடுத்து ஓடும். முழங்கால் உயரம் இருக்கும் அந்தச் செடிக்கு, அதைப் பிடுங்கப்போகும் வனத்துறை இளைஞரின் வயது இருக்கலாம்.

தீயை வென்றது, தண்ணீர்ப்பூஞ்சையிடம் தோற்றது

அதே ஜாரா காடுகள் இருபதாம் நூற்றாண்டில் திட்டுத்திட்டாகக் கருகிச் செத்தன. தீயில்லை, வறட்சியில்லை. 1960களில்தான் காரணம் பிடிபட்டது: ஃபைட்டாஃப்தோரா சின்னமோமி என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். லாரி டயரில் ஒட்டிய ஈரமண்ணில் ஊர்விட்டு ஊர் போய், வேரை அழுக்கியது. கிழங்கில் எத்தனை மொட்டு இருந்து என்ன, வேர் போனால் வேலை நடக்காது.

ஏர் உடைத்த கிழங்கு

தெற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் மேலீ என்று ஒரு வறண்ட நிலப்பகுதி. அந்தச் சொல்லே பழங்குடி மொழியிலிருந்து வந்தது. அங்குள்ள தைலமரங்களுக்கு நடுமரம் கிடையாது. மண்ணுக்குள் ஒரு பெரிய கட்டைக்கிழங்கு, அதிலிருந்து ஏழெட்டு மெலிந்த தண்டுகள் குடைக்கம்பிபோல விரிந்து நிற்கும், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோதுமை பயிரிட வந்த வெள்ளைக்கார விவசாயிகள் தண்டுகளை உருட்டி நசுக்கினார்கள், கொளுத்தினார்கள். நிலம் சுத்தமாகிவிட்டது என்று ஏரைப் பூட்டினால், கொழு போய்க் கிழங்கில் முட்டி உடைந்தது. ஒரு பக்கம் ஏர் உடைய, இன்னொரு பக்கம் கோதுமைக்கு நடுவே தைலத்துளிர் தலைகாட்டியது.

1876இல் ரிச்சர்ட் போயர் ஸ்மித் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. கிழங்கை எடுக்க முடியாவிட்டால் தாண்டிப் போனால் என்ன? ஒவ்வொரு கொழுவையும் தனித்தனிக் கீலில் பூட்டினார். கட்டையில் முட்டினால் அந்தக் கொழு மட்டும் துள்ளி எழும்பித் தாண்டி, மறுபுறம் மீண்டும் மண்ணில் இறங்கும். அவருடைய மூன்று கொழுக் கலப்பைக்கு ‘விக்சன்’ என்று பெயர், பெண் நரி என்று பொருள். சகோதரர் கிளாரன்ஸ் ஸ்மித் அதை இன்னும் செப்பமாக்கினார். அன்று வரை தரிசாகக் கிடந்த மேலீ நிலம் கோதுமை வயலானது இந்தக் கலப்பையால்தான். ஒரு நாற்றின் கக்கத்துப் புடைப்பு ஒரு நாட்டின் உழவுக்கருவியையே மாற்றி அமைத்தது என்றால் மிகையில்லை.

பெயர்த்தெடுத்த கிழங்குகள் வீணாகவில்லை. ‘மேலீ வேர்’ என்ற பெயரில் மெல்பர்ன், அடிலெய்டு நகரங்களுக்கு வண்டி வண்டியாக விறகாகப் போயின. உண்மையில் அது வேரே அல்ல, ஆனால் குளிர்காலத்தில் கணப்பின் முன் உட்கார்ந்திருப்பவரிடம் தாவரவியல் பேசி என்ன பயன். மெதுவாக, நின்று, கடுஞ்சூட்டோடு எரியும் என்று இன்றும் அதற்கு மவுசு.

தாகத்துக்கும்

மேலீ நிலத்துப் பழங்குடி மக்கள் அங்கே ஆறு குளம் தேடி அலையவில்லை. சில மேலீ இனங்களின் பக்கவேரை மண்ணிலிருந்து உருவி, துண்டு துண்டாக உடைத்து, பாத்திரத்தில் செங்குத்தாக நிறுத்தி வைப்பார்கள். வேரிலிருந்து தண்ணீர் வடியும்.

வயதைக் கேட்காதீர்கள்

தண்டுக்கு வயது ஐம்பதோ அறுபதோ இருக்கலாம். கிழங்குக்கு? மேற்கு ஆஸ்திரேலியாவின் மீலப் அருகே மேலீ வகைத் தைலமரக் கூட்டம் ஒன்று இருக்கிறது. தனித்தனி மரங்கள்போலத் தெரிந்தாலும் மரபணுச் சோதனையில் எல்லாம் ஒரே செடி என்று தெரிந்தது. கட்டைக்கிழங்கு வெளிவட்டமாக விரிந்துகொண்டே போய், நடுப்பகுதி மட்கி, ஓரங்கள் தனித்தனியாக நிற்கின்றன. அதன் வயதை 6,000 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பேரன் தண்டுகளைப் பார்த்துவிட்டுப் பாட்டனின் வயதைச் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் இல்லை

முன்பு ‘தென்படலாம்’ என்று எழுதியது இதற்காகத்தான். தைலமரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் பேரினத்தில் 700க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் கட்டைக்கிழங்கு உண்டு. ஆனால் மிக உயரமானதற்கு இல்லை. விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் வளரும் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் ரெக்னன்ஸ்தான் அது, உலகிலேயே மிக உயரமான பூக்கும் மரங்களில் ஒன்று. டாஸ்மேனியாவில் ‘செஞ்சூரியன்’ என்று பெயரிட்ட ஒன்று சுமார் 100 மீட்டர். இவ்வளவு உயரத்துக்குப் போகிறவன் கிழங்கில் சேமிக்கவில்லை. மெல்லிய பட்டை வேறு. கடுந்தீ வந்தால் காடு மொத்தமாகச் சாகும். சாகும்போது உச்சியில் உள்ள காய்களிலிருந்து சாம்பல்மேல் விதை மழையாகக் கொட்டும்.

1939 ஜனவரி 13, விக்டோரியாவின் ‘கறுப்பு வெள்ளி’. அன்று எரிந்த இடங்களில் இன்று நிற்கும் மவுண்டன் ஆஷ் மரங்கள் பலவும் ஒரே வயது. ஒரே பிரசவத்தில் பிறந்தவை. இதில் ஒரு கண்டம் உண்டு: புது மரம் நல்ல விதை கட்ட ஏறக்குறைய 20 ஆண்டு பிடிக்கும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால் விதையும் இல்லை, கிழங்கும் இல்லை. காடு புதராகிவிடும். சேமிப்புக் கணக்கு இல்லாமல் மொத்தப் பணத்தையும் ஒரே சீட்டில் போட்ட கதை.

கத்தி பட்டால் இளமை திரும்பும்

நீலகிரியில் வெட்டிய தைலமரத் தூர் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். பக்கத்தில் வெட்டாமல் நிற்கும் பெரிய மரத்தின் இலை அரிவாள்போல வளைந்து, நீண்டு, பச்சையாகத் தொங்கும். தூரிலிருந்து வந்த துளிரின் இலையோ முட்டை வடிவம். காம்பு கிடையாது. ஜோடி ஜோடியாகத் தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும். திருநீறு பூசியதுபோல நீலவெண்மை. விரலால் தேய்த்தால் அந்தப் பூச்சு கையோடு வரும், தேய்த்த இடத்தில் பச்சை தெரியும். தண்டை விரலால் உருட்டினால் உருளாது, சதுரம். இரண்டும் வேறு வேறு மரம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஒன்றேதான். துளிர் மறுபடி நாற்றுப் பருவத்து இலையிலிருந்து ஆரம்பிக்கிறது. இந்த இனத்தின் ஆங்கிலப் பெயரான ப்ளூகம்மில் உள்ள நீலம் இந்த இலையின் நீலம்.

பூங்கொத்துகளில் ரோஜாவுக்குப் பக்கத்தில் செருகும் வெள்ளிநிற வட்ட இலையும் தைலமர இனங்களின் இலைதான். மரத்தை வளரவிடாமல் ஒட்ட வெட்டிக்கொண்டே இருப்பார்கள். வெட்டாவிட்டால் இலை ‘வயசுக்கு வந்து’ நீண்டுவிடும், அப்புறம் பூக்கடைக்காரர் வாங்கமாட்டார்.

நீலகிரிக்கு எப்படி வந்தது?

ப்ளூகம்மின் சொந்த ஊர் டாஸ்மேனியாவும் விக்டோரியாவும். 1843இல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நீலகிரியின் வெல்லிங்டனில் அதை நட்டார் என்பது பதிவு. தேவை, விறகு. வெள்ளைக்காரர்கள் குடியேறி அடுப்பெரிக்க ஆரம்பித்ததில் சோலைக்காடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. வெட்ட வெட்ட வளரும் மரத்தைவிட வேறென்ன வேண்டும்? மலைக்காரர்கள் கற்பூர மரம் என்றார்கள், கீழே தைலமரம் என்றோம். இலையைக் காய்ச்சி வடித்த தைலம் ஜலதோஷக்காரர்கள் வீடெல்லாம் மணக்கிறது. அந்த மரம் ஏறிய இடமெல்லாம் புல்வெளி போனதும், ஊற்று வற்றியதும் தனிக்கதை. அதைத் துணுக்கில் அடைக்க மனம் வரவில்லை.

தைலத் தொழில் தொடங்கியதும் ஆஸ்திரேலியாவில்தான். 1852இல் ஜோசஃப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர் மெல்பர்னுக்குக் கிழக்கே டான்டெனாங் பக்கத்தில் காய்ச்ச ஆரம்பித்தார். விக்டோரியாவின் இங்கிள்வுட் வட்டாரத்தில் நீலமேலீ என்ற குட்டை இனத்தைத் தைலத்துக்காகத் தரையோடு அறுக்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை அறுப்பு. நட்டது யாருமில்லை, இயற்கையாக இருந்த புதர். நூறாண்டுக்கு மேலாக அதே கிழங்கிலிருந்து அறுவடை.

மறுதாம்பு

கரும்புக்கு மறுதாம்பு விடுவதுபோலத் தைலமரத்துக்கும் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் காகித ஆலைக்காக வளர்ப்பவர்கள் ஒருமுறை நட்டு, இரண்டு மூன்று முறை வெட்டுவார்கள். தரைக்குச் சற்று மேலே, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். பட்டை கிழிந்தால் அதற்குள் உள்ள மொட்டும் சேர்ந்து போகும். தூரைச் சுற்றிப் பத்து இருபது துளிர் வரும். ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை ஒடித்துவிடுவார்கள். முதல் நடவைவிட மறுதாம்பு ஆரம்பத்தில் குதித்து வளரும். வேர் பழைய மரத்தின் வேர், தலை மட்டும் புதுசு. சில இனங்களில் இது கட்டைக்கிழங்கின் துளிர், சிலவற்றில் தூரின் பட்டைமொட்டு. வெட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே நடும் இனங்களில் ஒன்றின் பெயர் யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ். ஆஸ்திரேலியாவின் ஆற்றங்கரை மரம். பெயரோ இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள கமால்டோலி தோட்டத்தின் பெயர். அங்கே வளர்ந்த ஒரு மரத்தை வைத்து 1832இல் விவரித்தார்கள். ஆஸ்திரேலிய மரம், இத்தாலியப் பெயர், தமிழ்நாட்டுக் காகிதம்.

சொந்தக்காரர்கள்

வித்திலைக் கக்கத்தில் மொட்டைப் பதுக்கும் பழக்கம் தைலமரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரமும், சீனத்து ஜிங்கோவும் நாற்றுப் பருவத்தில் அதே இடத்தில் அதையே செய்கின்றன. மூன்றுக்கும் உறவு இல்லை. ரெட்வுட்டின் கட்டைக்கிழங்கில் அழகான சுழிகள் இருப்பதால், மேசைப் பலகைக்காக இரவில் ரம்பத்தோடு வந்து அறுத்துக்கொண்டு போகும் திருடர்கள் உண்டு. 2014இல் ரெட்வுட் தேசியப் பூங்கா நிர்வாகம் ஒரு சாலையை இரவில் மூடும்படி ஆயிற்று.

மத்தியதரைக்கடல் ஓரம் வளரும் எரிக்கா என்ற புதரின் கட்டைக்கிழங்கு வேறு வழியில் புகழ்பெற்றது. புகையிலைப் பைப் செய்ய அதைவிட நல்ல கட்டை இல்லை. தீயில் பிழைக்கவென்று வளர்ந்த கட்டை ஆயிற்றே, வாயருகே நெருப்பு வைத்தாலும் எளிதில் கருகாது.

ஹிரோஷிமாவில் ஒன்று

1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 740 மீட்டர் தொலைவில், ஹிரோஷிமா கோட்டை வளாகத்தில் ஒரு தைலமரம் இருந்தது. கோட்டை தரைமட்டமானது. அந்த மரம் பிழைத்து, இன்றும் பெயர்ப்பலகையோடு நிற்கிறது.

கடைசியாக, கூலி விஷயம்

துளிர்த்த உடனே துளிர்த்த உடனே ஒடித்துக்கொண்டே இருந்தால், இலை சம்பாதித்துத் தருவதற்குள் மாவுச்சத்துக் கையிருப்பு தீர்ந்து கட்டைக்கிழங்கும் ஒருநாள் சாகும். மேலீ நிலத்து விவசாயிகள் இப்படித்தான் வருடக்கணக்கில் போராடினார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆற்றங்கரைத் தைலமரங்களை அகற்றும்போது, வெட்டிய கையோடு தூரில் களைக்கொல்லி தடவுகிறார்கள். வெட்டுவது மட்டும் போதாது என்று பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

ஆகவே உங்கள் நிலத்தில் தைலமரத்தை எடுத்துவிட்டு மா, பலா வைக்கப் போகிறீர்கள் என்றால், ஆளிடம் வெட்டுக்கூலி மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். தூர் பறிக்கும் கூலியையும் அன்றைக்கே சேர்த்துப் பேசுங்கள்.